அடிபட்ட வண்டிதானுங்க

வாங்க தம்பி. வண்டியை அங்கயே வேப்பமரத்து நெழல்ல விட்டுருங்க. உள்ள களத்துல தேங்காய் மட்டை காயப் போட்டிருக்குது, டயர்ல நார் சுத்திக்கும். இந்தச் சேர்ல உக்காருங்க. அது வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும்.

நீங்க போன் பண்ணப்பவே நினைச்சேனுங்க. கரூர்ல இருந்து ஒருத்தர், பழைய வண்டி வாங்கறதுக்கு முன்னாடி மொத ஓனரு யாருன்னு தேடிப் புடிச்சு, பொள்ளாச்சியில எங்க தோட்டம் வரைக்கும் வர்றாருன்னா வெவரமான ஆளாத்தான் இருக்கோணும். எல்லாரும் என்ன பண்றாங்க? பளபளன்னு இருக்குதா, ஏசி குளிருதா, அமுக்குனா சீறுதா, அவ்வளவுதான், எடுத்துட்டுப் போயிடறாங்க. இந்த மாதிரி வேகமான வண்டியை அப்படி வாங்கக் கூடாதுங்க. சாதாரண வண்டின்னா ஒருத்தன் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டியிருப்பான். இதைக் கடைக்குப் போறதுக்குன்னு எவனும் வாங்கறதில்லை. எவன் கையில இருந்துச்சு, எப்படி ஓட்டுனான், எங்க கொண்டு போய் விட்டான், எல்லாம் கேக்கோணும்.

நீங்க கேட்டீங்க, நான் சொல்லிடறேன். அடிபட்ட வண்டிதானுங்க.

ஓட்டிப் பாருங்கன்னு இதை உங்ககிட்டக் குடுத்து விட்ட சேலத்துக்காரரு, அடிபடவே இல்லைன்னு சொன்னாராக்கும். அவருகிட்ட விக்கறப்ப நான் கூட்டிட்டுப் போய், இது இடிச்ச மரத்தையே காட்டித்தான் வித்தேன். அதைச் சொல்லியே வெலையைக் கொறைச்சுக்கிட்டாரு மனுசன். இப்ப உங்ககிட்ட மறந்துட்டாரு. போகட்டும். இன்சூரன்ஸ்ல தேடிப் பாத்தாலும் உங்களுக்கு ஒண்ணும் கெடைச்சிருக்காதுங்க. நான் அங்க போகவே இல்லை, கைக்காசு போட்டுத்தான் வேலை பாத்தேன். முன்னாடி பம்பரு, பானெட்டு, ரேடியேட்டரு, ஒரு பக்கத்து லைட்டு. ஏர்பேக் வெடிச்சிருச்சு, அதையும் புதுசு வாங்கிப் போட்டேன், கம்பெனியில இருந்து வர வெச்சு. சேசிஸுக்கு ஒண்ணும் ஆகலை. அதை நம்பி வாங்கலாம். கலரு மட்டும் அவரு மாத்துனது. நீங்க கதவைத் தொறந்தா ஓரத்துல மஞ்சள் தெரியுதுன்னு சொன்னீங்களே, அதுதான் அதோட சொந்தக் கலரு. இப்ப என்னமோ சாம்பல் பூசி வெச்சிருக்கறாரு. அன்னைக்கு அது தோட்டத்துக்குள்ள வந்தா நாலு வரப்பு தள்ளி இருந்து தெரியும்.

என்ற பொண்ணு வாங்குன வண்டிங்க. மிருதுளான்னு பேரு. நான் அம்மிணின்னுதான் கூப்பிடுவேன். ஒரே பொண்ணு. கோயமுத்தூர்ல ஆட்டோமொபைல் படிச்சா. எல்லாப் புள்ளைங்களும் கம்ப்யூட்டர் படிக்கறப்ப நீ எதுக்கு அம்மிணி கையில கிரீஸு பூசிக்கறேன்னேன். கேக்கலை. படிச்சா, கியரு பண்ற கம்பெனியில வேலைக்குச் சேந்தா, ரெண்டு வருஷம் சம்பளத்தைச் சேத்து, மீதிக்கு லோன் போட்டு இதைக் கொண்டு வந்து நிறுத்துனா. ரெண்டே ரெண்டு கதவு. நான் சுத்திச் சுத்திப் பாக்கறேன், பின்னாடி உக்கார்றவங்க எப்படிப் போறதுன்னு. முன் சீட்டை மடக்கிக் குனிஞ்சு போகோணுமாம். வெளிநாட்டுக்காரன் என்னத்துக்கு இப்படிப் பண்றான்னு கேட்டதுக்கு, பின்னாடி உக்கார்றவங்களுக்காக இதைப் பண்ணலைங்கப்பான்னா. அப்பவே எனக்கு வெளங்கியிருக்கோணும்.

ரேஸா? வர்றேன் தம்பி, அதுக்குத்தான் வர்றேன். நீங்களே கேட்டுட்டீங்க.

மொதல்ல எங்களுக்குத் தெரியாதுங்க. ஞாயித்துக்கிழமை காலையில தாயும் மகளும் அதுல ஏறி ஆனைமலை கோயிலுக்குப் போவாங்க. திரும்பி வந்து அம்மாளை எறக்கி விட்டுட்டு, கம்பெனியில ஓவர்டைம்னு அம்மிணி கெளம்பிருவா. ஒரு நாள் தேங்காய் எடுத்துட்டுப் போகச் சொல்லி டிக்கியைத் தொறந்தேன், உள்ள ஹெல்மெட்டு. காருக்கு எதுக்கு ஹெல்மெட்டுன்னு கேட்டேன். அவ ஒளிக்கலீங்க, அதைச் சொல்லோணும். கோயமுத்தூருக்குப் பக்கத்துல பெரிய மைதானத்துல கோன் வெச்சு ஓட்டற போட்டி நடக்குதுங்கப்பா, கோன்மேல படாம வளைஞ்சு வளைஞ்சு யாரு சீக்கிரமா வர்றாங்கன்னு பாப்பாங்க, நான் ஆறு மாசமாப் போயிட்டிருக்கறேன்னா. கப்பு வேற வாங்கி கம்பெனி மேசையில வெச்சிருக்கறாளாம், ஊட்டுக்குக் கொண்டு வந்தா நான் சத்தம் போடுவேன்னு.

சத்தம் போட்டேனுங்க. போடாம இருப்பனா. கல்யாணம் பண்ற வயசுல உனக்கு இதெல்லாம் வேணுமான்னு கேட்டேன். ஆனா போகாதேன்னு சொல்லலை. அதுக்கு ஒரு காரணம், அடுத்த வாரமே நான் அங்க போனேன். அம்மிணிக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நாரை அமுக்கிக் கட்டற பேல் மெசினு ஒண்ணு பழசு விலைக்கு வருதுன்னாங்க, அதைப் பாக்கத்தான் போனேன். பாத்துட்டு அப்படியே எட்டிப் பாத்தேன்.

தம்பி, நான் லாரி ஓட்டியிருக்கறேன், டிராக்டர் ஓட்டியிருக்கறேன். இந்த மாதிரி ஓட்டறதை நான் பாத்ததில்லீங்க. கோனுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். உள்ளங்கைகூட இல்லை, நாலு வெரல். அதுக்குள்ள பூந்து, பின்னாடி லேசாச் சறுக்க விட்டு, திருப்பி எடுத்துட்டு வர்றா. ஆம்பளைப் பசங்க எத்தனை பேரு ஓட்டுனாங்க, எல்லாரும் ரெண்டு கோனு மூணு கோனைச் சாச்சுட்டுத்தான் போனாங்க. இவ ஒண்ணைக்கூடத் தொடலை. எனக்குப் பக்கத்துல நின்ன ஒரு பெரியவரு, யாருங்க இந்தப் பொண்ணு, கையில சாமி இருக்குதேன்னாரு. தெரியலீங்கன்னு சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டா எனக்கு இன்னைக்கும் தெரியாது. ஊட்டுக்கு வந்து அம்மிணிகிட்ட, பாத்து ஓட்டுன்னு மட்டும் சொன்னேன். பாத்துட்டேங்கறதைச் சொல்லலை.

அம்மிணிகிட்டத்தான் சொல்லலை. ஊர்ல ஒருத்தரை விடலீங்க. பேக்கரியில சொன்னேன், ரைஸ் மில்லுல சொன்னேன், சொசைட்டியில சொன்னேன். என்ற பொண்ணு மாதிரி இந்த ஜில்லாவுல ஓட்டறதுக்கு ஆளில்லைன்னு. ஃபைனலுக்கு வந்துட்டான்னு தெரிஞ்சதும் ஒரு வேனு புடிச்சு எல்லாரையும் கூட்டிட்டுப் போறதா முடிவாயிருச்சு. முட்டை பப்ஸு எல்லாம் சொல்லி வெச்சாச்சு. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நடந்தது இது.

நான் அன்னைக்குக் காலையில கொச்சிக்குப் போயிட்டேன், நார் லோடு ஒண்ணு துறைமுகத்துல நின்னு போச்சு. பொழுது எறங்கத்தான் வந்தேன். கேட்டுக்குள்ள நுழையறப்பவே என்னமோ சரியில்லைன்னு பட்டுது. களத்துப் பொம்பளைங்க அத்தனை பேரும் கம்முனு குனிஞ்சு மட்டை பொறக்கிக்கிட்டு இருந்தாங்க. எங்க களத்துல பொம்பளைங்க கம்முனு இருந்து நான் பாத்ததே இல்லீங்க. அந்தக் கடைசித் தென்னை தெரியுதுங்களா, சாஞ்ச மாதிரி நிக்குதே, அதுல மஞ்சள் வண்டி மூஞ்சியைக் குடுத்துட்டு நிக்குது. அடியில தண்ணி ஒழுகிக் கெடக்குது. மேல இருந்து ரெண்டு தேங்காய் வேற பானெட்டுல விழுந்து, அதுபாட்டுக்கு அங்கயே உக்காந்திருக்குது. மரத்துக்கு ஒண்ணும் ஆகலை. இன்னைக்கும் காய்க்குது.

அம்மிணி மோட்டார் ரூம் படியில உக்காந்திருந்தா. இவ, என்ற ஊட்டுக்காரி ரங்கநாயகி, அவ பக்கத்துல. யாரு பண்ணுனதுன்னு நான் கேக்கக்கூட இல்லீங்க. கேக்க என்ன இருக்குது. அவ வண்டி, அவ உக்காந்திருக்கறா. அவளே சொன்னா, அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேங்கப்பா, திருப்பி நிறுத்தறப்ப விட்டுட்டேன்னு.

உங்களுக்குப் புரியுதா தம்பி, எனக்கு எப்படி இருந்திருக்கும்னு? நாலு வெரல் எடத்துல பூந்து வர்றவ. அசையாம நிக்கற மரம். எங்க தாத்தன் காலத்துல இருந்து அதே எடத்துல நிக்கற மரம். அதுல போய் விடறா. வண்டி போனாப் போகுது, இரும்பு. ஊர்ல நான் என்னன்னு சொல்லுவேன்? வேனு புடிச்சு வெச்சிருக்கறேன். அந்தக் கோவத்துல களத்துல வேலைக்காரங்க முன்னாடியே கேட்டுட்டேன்.

"ஓட்டத் தெரியும்னு உன்னை நம்பி ஊரெல்லாம் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லோணும். இனி நீ ஸ்டீயரிங்கைத் தொடாதே."

அவ எந்திரிச்சு நின்னா. சரிங்கப்பான்னா. அவ்வளவுதான். அழுகலை, எதுத்துப் பேசலை. இவ வாயைத் தொறந்து என்னமோ சொல்ல வந்தா, வக்காலத்துதான் வேற என்ன, அம்மிணி இவ கையைப் புடிச்சு அமுக்கி, நீ உள்ள போம்மான்னு அனுப்பிட்டா. அது வரைக்கும் புத்தியுள்ள புள்ளைதான்.

என்னங்க? எத்தனை மணிக்கு இடிச்சாளா? அதெதுக்குங்க உங்களுக்கு? காலையிலதான் போலிருக்குது. களத்துல மயிலாத்தான்னு ஒருத்தி இருக்கறா, அவ சொல்றா, பத்து மணி டீ வர்றதுக்கு முன்னாடியே டமார்னு சத்தம் கேட்டுச்சு, பாப்பா மத்தியானம்தான் ஆட்டோவுல வந்து எறங்குச்சுன்னு. அவளுக்கு மணி பாக்கத் தெரியாதுங்க. டீ வந்தா பத்து, சோறு வந்தா ஒண்ணு. அதையெல்லாம் எடுத்துக்க முடியுமா.

அன்னைக்கு எங்க ஊட்டுல எல்லாமே கெட்ட நேரம்தான். இவ மூக்குக் கண்ணாடி வேற அன்னைக்கே ஒடஞ்சு போச்சு. அலமாரி மேல இருந்து விழுந்துருச்சாம். கழுத்துல இருந்து தோள் வரைக்கும் செவந்து வரி வரியா வீங்கிக் கெடக்குது. கேட்டா மாங்காய்ப் பால் பட்டுருச்சுன்னா. ஆவணி மாசம் எங்கிருந்து மாங்காய் வந்துச்சோ, ஊறுகாய்க்குன்னு எவனாவது கொண்டு வந்திருப்பான். நான் இருந்த வெசனத்துல அதையெல்லாம் யாரு பாத்தா.

ஃபைனல் போயிருச்சு. வேனுக்காரனுக்கு வர வேண்டாம்னு சொன்னேன். பேக்கரிப் பக்கமே ஒரு வாரம் போகலை. அப்பறம் போனா, ஒருத்தன் கேக்கறான், என்ன சென்னியப்பண்ணா, தென்னை குறுக்க வந்துருச்சாமான்னு. எல்லாரும் டீயை வெச்சுட்டுச் சிரிக்கறாங்க. அதுதானுங்க எனக்குத் தாங்கலை. வண்டியைக் கோயமுத்தூர் அனுப்பி, நல்ல எடமாப் பாத்து ஒண்ணொண்ணா மாத்தி, பழையபடி கொண்டு வந்து நிறுத்துனேன். நிறுத்தி அம்மிணிகிட்டச் சொன்னேன், இது நம்ம ஊட்டுக்கு ஆகலை, குடுத்தறலாம்னு. அவ பேர்ல இருக்கற வண்டி, அவ சம்பாத்தியம். மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. சேலத்துக்காரரு கொண்டு வந்த பேப்பர்ல எல்லாம் கையெழுத்துப் போட்டா. போட்டுட்டு, டயர்ல காத்து கொஞ்சம் கம்மியா வெச்சுக்கோங்க, அப்பத்தான் வளைவுல நல்லாப் புடிக்கும்னு அவருக்கு வெவரம் வேற சொன்னா.

ஒரு வேடிக்கை பாருங்க. வண்டி கேட்டைத் தாண்டிப் போறப்ப அம்மிணி அழுகலை. இவ அழுதா. ஏங்கி ஏங்கி. ஒரு மாட்டை வித்தப்பகூட இவ அப்படி அழுது நான் பாத்ததில்லை. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறது நின்னு போச்சேன்னு இருக்கும். பஸ்ஸுல போலாம் வான்னு நானே ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன். மேடு ஏறறப்ப, இவன் ரெண்டாவது கியர்ல எடுத்திருக்கோணும், வண்டி எப்படித் திணறுது பாருங்கன்னா. எனக்குச் சிரிப்புத் தாங்கலை. டிவியில எதைத்தான் காட்டறதில்லை இப்ப.

அதுக்கப்பறம் அம்மிணி மெட்ராஸ் பக்கம் வேலை மாத்திக்கிட்டுப் போயிட்டா. என்னமோ வண்டி டெஸ்ட் பண்ற வேலையாமுங்க. புதுசா வர்ற காரை எல்லாம் டிராக்குல ஓட்டிப் பாத்து, பிரேக் நல்லாருக்குதா, வளைவுல நிக்குதா, எல்லாம் சொல்லோணுமாம். தென்னை மரத்துல விட்டவளைக் கூப்பிட்டு இந்த வேலையைக் குடுத்திருக்கறாங்க பாருங்க. அங்க மரம் இருக்காது போல.

பேசறதா? இவகிட்டப் பேசுவா, தெனமும் பேசுவா. என்கிட்டயா... நான் கொஞ்ச நாள் கோவமா இருந்தேன். போன் வந்தா இவகிட்டக் குடுத்துருவேன். அப்பறம் நான் இருக்கற நேரமாப் பாத்து அவ போன் பண்றதை விட்டுட்டா. பொங்கலுக்கு வருவா. சாப்பாடு போடட்டுங்களான்னு கேப்பா, சரிம்பேன். தண்ணி வேணுங்களான்னு கேப்பா, வைம்பேன். ரெண்டு வருஷமாச்சுங்க. மொத வார்த்தையை யாரு எடுக்கறதுங்கறதுலயே போயிருச்சு. நான் அப்பன், நான் எப்படி எடுக்கறது. தப்புப் பண்ணுனது அவ.

அதனால உங்களுக்கு நான் சொல்றது என்னன்னா தம்பி, வண்டி மேல தப்பில்லை. ஓட்டுனவ மேலதான் தப்பு. நீங்க தாராளமா வாங்கலாம். ஓட்டத் தெரியாத ஒருத்தி கையில சிக்கி...

டீயை இங்க வை ரங்கநாயகி. தம்பிக்குச் சக்கரை கம்மி, சொன்னனா. நீ எதுக்கு உக்கார்ற? உள்ள அடுப்புல என்னமோ தீயற வாசம் வருது பாரு.

தீயட்டும்ங்கறியா? என்ன பேச்சு இது.

தம்பிகிட்ட நீ சொல்லோணுமா? வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? சரி சொல்லு, யாரு வேண்டாம்னா. தூரத்துல இருந்து விசாரிக்க வந்திருக்கறாரு, சொல்லிட்டுப் போ.

...

என்ன சொன்னே?

இரு. இன்னொருக்கா சொல்லு. அந்த வண்டியை மரத்துல விட்டது நீயா?

தம்பி, இவ சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா? எனக்குத்தான் காது போச்சா? 'அம்மிணி அன்னைக்கு ஊட்டுலயே இல்லை, நான்தான் விட்டேன்'ங்கறா. ஏ, உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே. கோயிலுக்குப் போனப்பவா? கோயிலுக்குப் போனது ஒரு மணி நேரம், மீதி நேரம் அங்க சைட்டுப் போட்டு விக்காமக் கெடக்கற காலி எடத்துல அம்மிணி உனக்குக் கத்துக் குடுத்தாளாக்கும். எத்தனை வாரம்? ஆறு மாசமாவா? நான் இங்க உக்காந்து, ரெண்டு பேரும் எனக்காக வேண்டிக்கறீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

தம்பி, டீ ஆறுது, குடிங்க.

சரி, அன்னைக்கு என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு. ம். ம். ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு எடுத்துட்டுப் போகோணும்னு காலையில அம்மிணி பஸ்ஸுல வேலைக்குப் போனதும் நீ கழுவி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, பொட்டு வெச்சே. வெச்சுட்டு, கேட்டைப் பாத்துத் திருப்பி நிறுத்தி வெச்சா அம்மிணி வந்ததும் சந்தோசப்படுவான்னு ஏறிட்டே. பிரேக்குன்னு நினைச்சு மாத்தி மிதிச்சுட்டே. அது சாதாரண வண்டின்னு நினைச்சியா, மிதிச்சா நடக்கறதுக்கு? பறக்கற வண்டி. அப்பறம் கண்ணாடி ஒடஞ்சது... சரி, கழுத்துல மாங்காய்ப் பாலு... ஏர்பேக்கா அது. நல்லவேளை தாயே. கண்ணுக்குள்ள பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒரு டாக்டரைக்கூடப் பாக்காம இருந்திருக்கறே. களத்துல அத்தனை பேருக்கும் தெரியுமா? மயிலாத்தாளுக்கும்? பத்து மணி டீன்னு அவ சரியாத்தான் சொல்லியிருக்கறா.

அம்மிணிக்குப் போன் பண்ணுனே. அவ ஓடி வந்தா. வந்து மொதல்ல வண்டியைப் பாக்கலையாமுங்க தம்பி, இவளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாளாம். அப்பறம் என்ன சொன்னா? அவ சொன்னதை அப்படியே சொல்லு.

"அப்பா என்னைத் திட்டுனா ஒரு வாரத்துல சரியாயிருவாரும்மா. உன்னைத் திட்டுனா அப்பறம் உனக்கு ஆயுசுக்கும் சாவி குடுக்க மாட்டாரு. நான் விட்டதாவே இருக்கட்டும்."

அப்படியா சொன்னா.

ஒரு வாரம்னு நினைச்சாளாம் தம்பி.

இல்லீங்க, கண்ணுல தூசி. களத்துல நார் பறக்குது பாருங்க, இந்தக் காத்துல எப்பவும் இப்படித்தான்.

ஏன் ரங்கநாயகி, நீயாவது சொல்லியிருக்கலாமில்ல? இத்தனை நாளா? அவ சத்தியம் வாங்கிட்டா, சரி. எப்பச் சொல்லலாம்னு பாத்துக்கிட்டே இருந்தே, சரி. அப்ப இன்னைக்கு மட்டும் ஏன் சொல்றே? ...ஓ. ஓட்டத் தெரியாதவன்னு நான் சொன்னதை உள்ள இருந்து கேட்டியா. அடுப்பை அப்படியே விட்டுட்டு வந்துட்டே.

அதுவும் சரிதான். வெளியாளுகிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவ மாதிரி ஓட்டறதுக்கு ஆளு ஏது. நான் நேர்ல பாத்திருக்கறேனே. தம்பி, நீங்க அதை மனசுல வெச்சுக்காதீங்க. அந்த வண்டி அவ கையில இருந்த வரைக்கும் ஒரு கோனுகூடத் தொட்டதில்லை. அதை நான் எழுதிக் குடுக்கறேன். நல்ல கையில இருந்த வண்டி. மரத்துல பட்டது இவ... சரி சரி, உன்னை ஒண்ணும் சொல்லலை.

எங்க போறே? ஏ, தம்பிகிட்ட எதுக்குச் சாவி கேக்கறே? தம்பி, அவளுக்குக் குடுக்காதீங்க, அது உங்க வண்டிகூட இல்லை, இன்னும் சேலத்துக்காரரு வண்டி. என்னது? லைசன்ஸா? எப்ப எடுத்தே? போன வருஷமா? நான் கொச்சிக்குப் போறப்பவெல்லாம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனியா? தேங்காய் வித்த காசுலயா? நல்லாருக்குது. எனக்குத் தெரியாம இந்த ஊட்டுல இன்னும் என்னென்ன நடக்குதோ.

குடுத்துட்டீங்களா. சரி, குடுத்துட்டீங்க. அப்ப நீங்களும் பக்கத்துல போய் உக்காந்துக்கங்க தம்பி. வண்டி எப்படி இருக்குதுன்னு அவளே ஓட்டிக் காட்டட்டும். மொள்ளமாப் போகச் சொல்லுங்க. ரோட்டுப் பக்கமாப் போகச் சொல்லுங்க, களத்துப் பக்கம் வேண்டாம்.

நான் வரலீங்க. இவ போறப்ப போனை என்ற கையில திணிச்சுட்டுப் போயிட்டா. அம்மிணி நம்பரையும் போட்டு விட்டுட்டா, மணி அடிக்குது. இவளுக்கு எல்லாத்துலயும் அவசரம். நான் என்னத்தைப் பேசுவேன், எங்க இருந்து ஆரம்பிக்கறது, ஒரு வார்த்தை யோசிக்கக்கூட விடலை. நீங்க போங்க தம்பி, நான் அந்தப் பக்கமாப் போய்...

ஹலோ.

இல்ல அம்மிணி, அம்மா இல்ல. அம்மா நல்லாத்தான் இருக்கறா, அவ வண்டி ஓட்டறா.

வெச்சறாதே. அப்பன் பேசறேன்.